பாராட்டு விழாவும் ஊரின் கடனும்

பதக்கம் வென்று ஊர் திரும்பும் பிள்ளைக்கு ரயிலடியிலேயே மாலை போட்டு, மேளம் முழங்கத் திறந்த ஜீப்பில் ஏற்றித் தெருத்தெருவாக அழைத்து வருவது நம் வழக்கம். மாலையில் மேடை, சால்வை, கேடயம், பரிசுத் தொகை அறிவிப்பு. இந்தப் பாராட்டு விழா யாருக்கு என்ன தருகிறது, எந்த இடத்தில் பொய்த்துப்போகிறது என்பதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் போன்ற ஊருக்கு அந்த ஆய்வு மிக அவசியம்.

தங்கவயலில் 120 ஆண்டுகள் பொன் தோண்டினார்கள். வட ஆர்க்காடு, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் லைன் வீடுகளில் வாழ்ந்து, மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்க நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. இன்று மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குக் கூலிக்கும் வேலைக்கும் போய் இரவில் திரும்புகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கோ ஊரின் ஆங்கிலச் சுருக்கமான ‘கே.ஜி.எஃப்’ என்றதும் 2018இல் அதே பெயரில் வந்த சினிமாவும் அதன் அடிதடியும்தான் நினைவுக்கு வருகின்றன. அப்படியொரு ஊரில் ஒரு சிறுமி ஓட்டத்திலோ குத்துச்சண்டையிலோ வென்று வந்தால், அவளைக் கொண்டாடும்போது ஊர் தன் பெயரையும் மீட்டுக்கொள்கிறது.

இதற்குக் கண்முன் சான்று சென்னை கண்ணகி நகர். நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகள் குடியமர்த்தப்பட்ட அந்தப் பகுதியைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் குற்றச் செய்திகளே அதிகம் வந்தன. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியின் துணைத் தலைவி கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் வழங்கியது. அதைவிடப் பெரிய வரவு, கண்ணகி நகர் என்ற பெயர் பெருமையோடு தலைப்புச் செய்தியில் வந்ததுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஜெயித்ததை நேரில் பார்க்கும் குழந்தைக்கு அந்தப் பாதை எட்டக்கூடியதாகிவிடுகிறது. பாராட்டு விழாவின் தலையாய பயன் இதுவே.

இன்னொரு நன்மையும் உண்டு. மதிக்கப்பட்டவர் ஊருக்குத் திருப்பித் தருகிறார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். மாநில அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. தாய் காய்கறி விற்று வளர்த்த அந்த இளைஞர், தாம் படித்த அரசுப் பள்ளிக்கு 30 லட்சம் ரூபாயை எடுத்து வைத்தார்.

குறைகளும் சிறியவை அல்ல. முதல் குறை, விழா ஒரு நாளோடு முடிந்துவிடுவது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்த நிலையிலும் அன்றைய முதல்வர் கருணாநிதி அவருக்கு 15 லட்சம் ரூபாய் வழங்கினார். அது மனிதநேயம் மிக்க செயல். ஆனாலும் 2012இல் சாந்தி செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். ஒருமுறை தரும் தொகை எவ்வளவு தாராளமாக இருந்தாலும், மாதச் சம்பளத்துக்கும் நிலையான வேலைக்கும் ஈடாகாது.

இரண்டாவது குறை, காலம் தாழ்ந்து வருவது. சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். வென்ற பின் அரசு தந்தது ஒரு கோடி ரூபாய். ஆனால் பயணத்துக்கு முன் அரசின் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தந்த ஒன்றரை லட்சம்தான் அவரைப் போட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. விதை நெல்லுக்குத் தவிக்கும்போது தராத பணத்தை அறுவடையில் கொட்டுவதால் அடுத்த போகம் விளையாது. வெற்றிக்கு முன் தரும் ஆயிரத்துக்கு வெற்றிக்குப் பின் தரும் லட்சத்தைவிட மதிப்பு அதிகம்.

மூன்றாவது குறை, மேடை வென்றவருக்குச் சொந்தமாக இல்லாதது. பேனரில் தலைவர்களின் முகம் பெரிதாகவும் வீராங்கனையின் முகம் ஓரத்திலும் இருக்கிறது. பத்து வயதில் அவளை மைதானத்துக்கு அழைத்து வந்த உடற்கல்வி ஆசிரியர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இவற்றோடு மறதியும் சேர்கிறது. கோலாரில் பிறந்த கென்னத் பவல் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடி, 1965இல் அர்ஜுனா விருது பெற்று, 2022இல் மறைந்தார். அந்த மண்ணின் இன்றைய குழந்தைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நேற்றைய வீரரை மறந்துவிட்டு இன்றைய வீரருக்கு மாலை போடும் ஊரில், நாளை இவரும் மறக்கப்படுவார்.

ஆகவே என் முடிவு: பாராட்டு விழா வேண்டும், ஆனால் அதை ஊர் ஏற்கும் கடனாக நடத்த வேண்டும். தங்கவயலில் விழா எடுப்போர், பெங்களூர்த் தமிழ் அமைப்புகள், பெமல் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். பயிற்சியாளருக்கு முதல் மாலை போடுங்கள். விழாச் செலவுக்கு நிகரான தொகையைப் பயிற்சி மைதானத்துக்கு ஒதுக்குங்கள். அடுத்து வளரும் ஐந்து பிள்ளைகளுக்கு ஓராண்டுக் காலணி, சத்துணவு, பயணச் செலவை ஏற்று, அந்தக் கணக்கை மறு ஆண்டு அதே மேடையில் வாசியுங்கள். வாசிக்கக் கணக்கு இல்லையென்றால், மேடை போடாதீர்கள்.