வேற்றெழுத்தில் பிறந்த தமிழ்: தோப்பில் முகமது மீரானின் நாவல்கள்

தமிழைத் தமிழ் எழுத்தில்தான் எழுதவேண்டும் என்னும் நியதி தமிழகத்துச் சமயச் சமூகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்ததில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், சமணர்கள் திரைலோக்கியநாதர் கோயிலின் விதான ஓவியங்களுக்குக் கிரந்தமும் தமிழும் விரவிய எழுத்தில் விளக்கம் பொறித்தனர். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களின் முஸ்லிம்களோ அரபு எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளிகள் இட்டுத் தமிழ் ஒலிகளைக் குறித்து, 'அரபுத்தமிழ்' எனப்படும் அம்முறையில் நூல்கள் இயற்றினர். தோப்பில் முகமது மீரானை (1944–2019) இம்மரபின் நேர் வாரிசு என்பது மிகை. எனினும் அவருடைய தமிழும் வேற்றெழுத்தின் வழியாகவே தாளுக்கு வந்தது.

அவர் பிறந்த தேங்காய்ப்பட்டணம் 1956ஆம் ஆண்டு நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்தமையால் பள்ளிக்கல்வி மலையாளத்தில் அமைந்தது. வீட்டிலும் தெருவிலும் கேட்ட தமிழை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் பிறர் துணையுடன் தமிழ் எழுத்துக்கு மாற்றுவதே அவருடைய தொடக்ககால முறை. ஏட்டுத்தமிழின் பழக்கங்கள் கைக்கு வருமுன்னரே செவிவழித் தமிழ் உரைநடையாகிவிட்டதனால்தான், வாப்பா, உம்மா போன்ற உறவுப்பெயர்களும், பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் 'மோதீன்', நபிவழித் தோன்றலாக மதிக்கப்படும் 'தங்கள்' ஆகிய சொற்களும் அவருடைய பக்கங்களில் அணியாக அன்றி மூச்சாக நிற்கின்றன.

'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988இல் நூலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', பள்ளிவாசலையும் ஊரையும் ஒருங்கே ஆளும் வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை எதிர்ப்பதையும், சுறாப்பீலி வணிகரான மகமூது அவருக்குப் பணிய மறுப்பதையும் சொல்கிறது; இங்கு 'முதலாளி' என்பது தொழில் உரிமையாளரை மட்டுமன்றி, மதிப்பும் அச்சமும் ஒருசேரப் பெற்ற நிலவுடைமைக் குடும்பத் தலைவரையும் குறிக்கும். அடுத்து வந்த 'துறைமுகம்' (1991), 'கூனன் தோப்பு' (1993) ஆகியவை அதே கரையின் வணிகத்தையும் கலவரத்தையும் எடுத்துக்கொண்டன.

1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி'யே இவற்றுள் கலைவலிமை மிக்கது. சவ்தா மன்ஸில் என்னும் பழைய மாளிகையில் நாற்காலியை விட்டு எழாத முஸ்தபாக்கண்ணு, நாவின் சுவைக்காக வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத்தின்பதை, ஆசிரியர் கண்டனக்குரல் எழுப்பாமல், ஏறக்குறைய நகைத்தபடியே சொல்லிச்செல்வதால், வீடு காலியாவதை வாசகர் அறையறையாகக் காண நேர்கிறது. முதல் நாவலில் ஆங்காங்கே தலைகாட்டும் சீர்திருத்த ஆவேசம் இதில் அறவே இல்லை.

தர்கா வழிபாட்டினருக்கும் அதை மறுக்கும் தூய்மைவாதத் தரப்பினருக்கும் இடையிலான பூசலை மையமாகக் கொண்ட 'அஞ்சுவண்ணம் தெரு'வில் விவாதம் சில இடங்களில் கதையை விஞ்சிவிடுகிறது. அதை ஈடுசெய்வது தெருவின் தோற்றக்கதை. மன்னர் துணி நெய்யக் கொண்டுவந்து குடியேற்றிய ஐந்து முஸ்லிம் நெசவாளர் குடும்பங்களிலிருந்து அத்தெரு தோன்றியது என்பது நாவலின் வழக்கு. வரலாற்றிலோ அஞ்சுவண்ணம் என்பது மேற்காசிய வணிகர் குழுவின் பெயராக, வேணாட்டு அய்யனடிகள் கி.பி. 849இல் அளித்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் வருகிறது. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அச்செப்பேட்டின் சாட்சிக் கையொப்பங்கள் கூஃபி அரபிலும் பகலவியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன.