கருச்சிதைவும் அறமும்: புறநானூறும் தண்டனைச் சட்டக்கோவையும்

ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 34ஆம் பாட்டு, மகளிரின் கருவைச் சிதைத்தோர்க்கும் கழுவாய் உண்டென்றும், செய்ந்நன்றி கொன்றோர்க்கு உய்தியில்லை என்றும் கூறுகின்றது. இதனைத் தூய அறவுரையாக மட்டும் நாம் கொள்ளுதல் பொருந்தாது. புரவலனது கொடையில் வாழ்ந்த புலவர் சோழன் கிள்ளிவளவனை நோக்கிப் பாடியது இது. நன்றி மறத்தல் தலையாய பாவமாவது அவ்வுறவின் நியதியாகும். பாவங்களின் வரிசையைச் சமுதாய உறவுகளே வகுக்கின்றன என்பது இதனாற் பெறப்படும்.

இப்பாட்டிற் பெண் தீங்குக்கு உள்ளானவள், சிதைத்தோர் பிறர். 1883இல் குடியேற்ற ஆட்சி இயற்றி, இன்றும் நடைமுறையிலுள்ள இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவிலோ, தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிக் கருவைச் சிதைப்பவர் 3 ஆண்டுவரை சிறைப்படலாம். தன் கருவைத் தானே சிதைத்தவளும் குற்றவாளியாவாள். வன்புணர்ச்சி முதலியவற்றுக்கு விலக்களிக்க 1995இல் முன்வைக்கப்பட்ட திருத்தம் கைவிடப்பட்டது. 2017இல் எழுந்த முயற்சியும் சமயத் தலைவர்களின் எதிர்ப்பால் நின்றுபோயிற்று.

அமெரிக்காவிலே கருக்கலைப்பு மருத்துவர்களான டேவிட் கன் 1993இலும் ஜோர்ஜ் டில்லர் 2009இலும் சுட்டுக்கொல்லப்பட்டனர். இங்கு துப்பாக்கி வெடிக்கவில்லை. எனினும் வன்முறை இல்லையென நாம் ஆறுதல் கொள்ளவியலாது. வசதி படைத்தவள், 1971ஆம் ஆண்டுச் சட்டம் வரையறைகளுடன் இதனை அனுமதிக்கும் இந்தியாவுக்குச் செல்லலாம். உப்புவெளிக் கரையிற் கருவாடு உலர்த்தும் பெண்ணுக்கு மறைவிடமும் உயிராபத்துமே எஞ்சும். சட்டம் எல்லார்க்கும் ஒன்று. தண்டனை வர்க்கத்துக்கேற்ப வேறுபடுகின்றது.

பாட்டிலும் சரி, சட்டத்திலும் சரி, கருவுற்றவளின் குரல் கேட்கவில்லை. நன்றியின் அறம் எவருடைய அறமென்று வினவும் திறனாய்வு, கருவின் அறத்தையும் அவ்வாறே வினவுதல் வேண்டும்.