எடை குறையலாம், உறுதி குறையலாமா? கல்வராயன் மலைக்கு ஏற்ற டிரைபாட்

கல்வராயன் மலைக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் பையில் இடம் அடைக்காத, விலையும் கையைக் கடிக்காத டிரைபாட் ஒன்றைத்தான் தேடுகிறார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக மலைப்பேருந்தில் ஏறி, கரியாலூரிலோ வெள்ளிமலையிலோ இறங்கி, அருவிகளுக்கு நடந்தே போகிறவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்குத்தான். இந்தத் தேடலில் தவறில்லை. ஆனால் எடையைக் குறைப்பதற்காக எதை வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்காமல், பெட்டியின் மேல் அச்சிட்ட எடையையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கும் பழக்கம் பரவிவிட்டது. அப்படி வாங்கியவை பல, இரண்டு பயணங்களுக்குப் பிறகு அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கின்றன. இந்தப் பழக்கத்தில் எது சரி, எது பிசகு என்பதை இந்த மலையையே உரைகல்லாக வைத்துப் பார்ப்போம்.

கேமராவுக்கு ஏன் கால் வேண்டும்

கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலை ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது கல்வராயன். மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்திலும், கிழக்குப் பகுதி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் இருக்கின்றன. ஊட்டி, கொடைக்கானல் அளவுக்கு உயரமில்லை, கூட்டமும் இல்லை. மேகம் அருவி, பெரியார் அருவி, அடிவாரத்தில் கோமுகி அணை, மேலே மலையாளி பழங்குடி மக்களின் சாமை, தினை வயல்கள் என்று படத்துக்குப் பஞ்சமில்லாத இடம்.

இங்கே நல்ல படம் கிடைக்கும் நேரமெல்லாம் வெளிச்சம் குறைந்த நேரம். அருவியின் நீர் இழைஇழையாக விழுவதைக் காட்ட ஷட்டர் கால் வினாடி முதல் ஒரு வினாடி வரை திறந்திருக்க வேண்டும். அந்தி சாய்ந்த பின் அணை நீரின் நிறத்தைப் பிடிக்கப் பல வினாடிகள் தேவை. நகர வெளிச்சம் எட்டாத மேட்டில் நின்று விண்மீன்களை எடுக்க 20 வினாடியாவது வேண்டும். கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 50 மி.மீ. லென்ஸ் என்றால் ஷட்டர் ஐம்பதில் ஒரு வினாடிக்குக் கீழே இறங்கக் கூடாது. அருவி கேட்கும் வேகம் இந்த எல்லைக்கு வெகு கீழே கிடக்கிறது.

"இப்போதுதான் கேமராவிலேயே நடுக்கத்தடுப்பு வந்துவிட்டதே" என்பார்கள். உண்மைதான். 1995ல் கேனான் தன் 75-300 மி.மீ. லென்ஸில் அதைக் கொண்டுவந்தது. இன்று கேமராவின் உணரியே அசைந்துகொடுத்துக் கைநடுக்கத்தை ஈடுகட்டுகிறது. கை உறுதியானவர்கள் அரை வினாடி வரைகூடப் பிடித்து நிற்கிறார்கள். ஆனால் 20 வினாடிக்கு அது கைகொடுக்காது. அதோடு, ஒரே சட்டகத்தில் வெளிச்சத்தை மட்டும் மாற்றி மூன்று படம் எடுத்துப் பின்னர் இணைக்க வேண்டும் என்றால் கேமரா ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். கைப்பேசிக்கும் இதே விதிதான். கூகுள் 2019ல் பிக்சல் 4 கைப்பேசியோடு கொண்டுவந்த விண்மீன் படமுறை நான்கு நிமிடம் வரை ஒளியைச் சேர்க்கும். கைப்பேசி அசையாமல் நிறுத்தப்பட்டிருந்தால்தான் அது வேலையே தொடங்கும்.

அசையாத கேமரா என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் படமெடுத்தார். 21 அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் அந்தப் பெரிய மரக் கேமராவைத் தளம் தவறாமல் நிலைநிறுத்தியிராவிட்டால் அந்த எழுத்து வரிகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்காது. அவருடைய கருவிகள் மாட்டு வண்டியில் பயணம் செய்தன. நம்முடையவை முதுகில் ஏறுகின்றன. எடை பற்றிய நம் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

எடை எங்கிருந்து குறைகிறது

டிரைபாட்டின் எடையையும் மடங்கும் அளவையும் ஐந்து வழிகளில் குறைக்கிறார்கள்: காலின் குழாயை மெலிதாக்குவது, மடிப்புகளைக் கூட்டுவது, காலைக் குட்டையாக்கி நடுத்தண்டை நீளமாக்குவது, உலோகம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கை வைப்பது, கேமராவைத் தாங்கும் தலையைச் சிறிதாக்குவது. இவற்றில் சில நமக்குக் கேடில்லாதவை. சில அடிமடியிலேயே கை வைப்பவை.

குழாயை முதலில் பார்ப்போம். சுவரின் தடிமன் ஒன்றாக இருக்கும்போது, குழாய் வளையாமல் நிற்கும் திறன் ஏறத்தாழ அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 28 மி.மீ. குழாயோடு ஒப்பிட்டால் 22 மி.மீ. குழாயின் விறைப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மடிப்பும் மேலுள்ள குழாய்க்குள் நுழைய வேண்டும் என்பதால் கீழே போகப்போகக் கால் மெலிகிறது. 22 மி.மீ.யில் தொடங்கிய கால் அடியில் 13 மி.மீ.க்கு இறங்கினால், அந்த அடிப்பகுதியின் விறைப்பு மேற்பகுதியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஐந்து மடிப்பு டிரைபாட் சின்னதாக மடங்கும் என்பது உண்மை. அதன் கடைசிக் கால் சுண்டுவிரல் பருமனுக்கு வந்துவிடுகிறது என்பதும் உண்மை.

நடுத்தண்டு இதைவிடப் பெரிய குறை. மூன்று கால்களின் உறுதி முடிகிற இடத்தில் ஒற்றைத் தண்டு தொடங்குகிறது. ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட தண்டின் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு அதன் வளைவு எட்டு மடங்காகும். தண்டை 10 செ.மீ. உயர்த்துவதற்கும் 20 செ.மீ. உயர்த்துவதற்கும் அவ்வளவு வேறுபாடு. விளம்பரத்தில் போடும் "உயரம் 150 செ.மீ." பெரும்பாலும் தண்டை முழுக்க உயர்த்திய அளவு. வாங்குபவர் கேட்க வேண்டியது தண்டை உயர்த்தாத உயரத்தை.

"எட்டு கிலோ தாங்கும்" என்ற வரியையும் அப்படியே நம்புவதற்கில்லை. எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட ஒரே அளவுமுறை இதற்கு இல்லை. எட்டு கிலோ வைத்தால் உடையாது என்பது ஒன்று. ஒன்றரைக் கிலோ கேமரா காற்றில் நடுங்காது என்பது வேறொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது.

விலை எதற்குப் போகிறது

சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவை பெரும்பாலும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் தலையும், மூன்று கால்களையும் நடுவில் இணைக்கும் கம்பிகளும் கொண்டவை. சமதளத்தில் கைப்பேசிக் காணொளி எடுக்க இவை போதும். மலையில் இவற்றால் பயனில்லை. அந்த இணைப்புக் கம்பி மூன்று கால்களையும் ஒரே கோணத்தில் கட்டிப்போடுகிறது. சரிவுப் பாறையில் ஒரு காலை அகட்டி, மற்றொன்றை மடக்கி வைக்க முடியாது. அருவிக்குப் போகும் ஒருவர் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு கம்பி இருக்கிறதா என்று பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

நான்காயிரம் முதல் எட்டாயிரம் ரூபாய் வரையிலான அலுமினிய டிரைபாட்களில்தான் நடுத்தர வருமானக்காரருக்கான நல்ல தேர்வு இருக்கிறது. தனித்தனியாக அகலும் கால்கள், பந்துத் தலை, தலைகீழாக மடங்கி 40 செ.மீ. அளவுக்குள் அடங்கும் அமைப்பு எல்லாம் இந்த விலையில் வந்துவிட்டன. பத்தாயிரத்துக்கு மேலே போனால் கூடுவது முக்கியமாகக் கால்களை நீட்டி நிறுத்தும் பூட்டுகளின் நேர்த்தியும் தலையின் பிடிப்பும்.

கார்பன் இழை பற்றிப் பெரும் மயக்கம் இருக்கிறது. 1994ல் கிட்ஸோ நிறுவனம் முதன்முதலில் கார்பன் டிரைபாட்டைக் கொண்டுவந்ததிலிருந்து அது மேன்மையின் அடையாளமாகிவிட்டது. அதிர்வு விரைவில் அடங்குவது, வெயிலில் கை சுடாமல் இருப்பது ஆகிய நன்மைகள் மெய்யானவை. ஆனால் எடையில் மிச்சமாவது எவ்வளவு? 2019ல் வந்த பீக் டிசைன் பயண டிரைபாட்டின் எடையையும் அப்போதைய விலையையும் பாருங்கள்: அலுமினியம் 1.56 கிலோ, சுமார் 350 டாலர், கார்பன் 1.27 கிலோ, சுமார் 600 டாலர். ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலின் எடையைக் குறைக்க 250 டாலர். அந்தப் பணத்தில் கல்வராயனுக்கு எத்தனை முறை போய்வரலாம்! மேலும், பாறையில் விழுந்தால் அலுமினியம் நசுங்கும். கார்பன் விரிசல் விடும். நசுங்கியதைச் சமாளிக்கலாம், விரிசல் விட்டதை நம்ப முடியாது.

மலையில் நிற்குமா

அருவிகளில் நீர் பெருகும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதை ஒட்டிய வாரங்களிலும்தான் எளிய டிரைபாட்டுக்குச் சோதனை. காற்று, சாரல், வழுக்குப் பாறை மூன்றும் சேர்ந்து வரும். எடை குறைந்த டிரைபாட் இங்கே தோற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை; தாழ வைத்தால் அதுவே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். மெலிந்த கடைசிக் காலை நீட்டாமல், தண்டை உயர்த்தாமல், கால்களை அகட்டி இடுப்பளவில் வைத்தால் ஒன்றரைக் கிலோ டிரைபாட்டும் உறுதியாக நிற்கும்.

நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடும் வழக்கம் நல்லதே, பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை. காற்றில் ஆடும் பை, நடுக்கத்தைக் கூட்டவே செய்யும். கேமராவின் கழுத்துவாரைக் கழற்றிவிட வேண்டும். படபடக்கும் வாரும் படத்தைக் கலங்கவைக்கும். ஓடும் நீரில் கால் வைத்தால் அதிர்வு மேலே ஏறும். கூடியவரை மூன்று காலும் பாறையில் இருக்கட்டும். பொத்தானை விரலால் அழுத்தாமல் இரண்டு வினாடி டைமரில் வைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் காசு செலவில்லை.

பூட்டு வகையிலும் நிலம் பார்க்க வேண்டும். திருகுப் பூட்டு செடிகொடியில் சிக்காது, ஆனால் மணலை விழுங்கும். திருக்கோவிலூரில் தென்பெண்ணை மணலில் நின்று கபிலர் குன்றைப் படமெடுத்துவிட்டு அப்படியே மடக்கினால், அடுத்த முறை நறநறவென்றுதான் திறக்கும். கழற்றி நல்ல நீரில் கழுவி உலர்த்துவது கட்டாயம். நெம்புப் பூட்டு மூடியிருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். தளர்ந்தால் சிறு சாவியால் முடுக்கிக்கொள்ளலாம். புதிதாக வாங்குபவருக்கு நெம்புப் பூட்டே எளிது.

கேமராவின் அடியில் மாட்டும் பிளேட் சிறிய விஷயமாகத் தோன்றும். தனக்கென்று தனி அளவு வைத்திருக்கும் நிறுவனத்தின் பிளேட் மலைப்பாதையில் தொலைந்தால், டிரைபாட் முழுவதும் வெறும் சுமை. பல நிறுவனங்களும் பின்பற்றும் ஆர்க்கா சுவிஸ் வகை என்றால் உடன் வந்த நண்பரின் பிளேட்டே பொருந்திவிடும்.

டிரைபாட்டால் வரும் குறைகள்

பொருளின் குறையைச் சொன்னால் போதாது, பழக்கத்தின் குறையையும் சொல்ல வேண்டும். டிரைபாட் வாங்கியவர் அருவியைக் கண்டவுடன் ஷட்டரை நீட்டுகிறார். நீர் பால்போல் வழிகிறது. எந்த ஊர் அருவியும் ஒரே அருவியாகிவிடுகிறது. மழைக்குப் பிந்தைய மேகம் அருவியின் வேகத்தைக் காட்ட ஐந்நூறில் ஒரு வினாடியே பொருத்தமாக இருக்கலாம். கருவி கையில் இருக்கிறது என்பதற்காக அதன் விருப்பத்துக்குப் படம் எடுக்கக் கூடாது. ஓரிடத்தில் நட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுவது இன்னொரு குறை. முதலில் வெறுங்கையோடு நடந்து கோணம் தேடி, பிறகு டிரைபாட்டை விரிப்பதே முறை.

மூன்று கால் விரித்தால் அது இடத்தையும் உரிமை கொண்டாடுகிறது. ஒற்றையடிப் பாதை ஊர் மக்கள் நடக்கிற வழி. சாமை வயலின் வரப்பு அவர்கள் உழைப்பு. நிலக்கிழார்களான ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்து 1976ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்த மலை இது. அதிகாரத்தில் இருந்தவர்கள் கேட்காமல் எடுத்துக்கொள்வதை நெடுங்காலம் பார்த்த மக்கள் அவர்கள். ஆனால் இங்கே டிரைபாட்டுக்கு ஒரு நற்குணமும் உண்டு. ஓடுகிற போக்கில் கைப்பேசியை நீட்டிப் படம் பறிப்பவரைப்போல் டிரைபாட்காரர் மறைந்து செயல்பட முடியாது. விரிக்கும் நேரத்தில் பேச வேண்டியிருக்கிறது, அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாமதத்தை நாம் மரியாதையாக மாற்றிக்கொள்ளலாம். காட்டுப் பகுதிக்குள் போகும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வதும், மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ள நினைவுச் சின்னங்களில் டிரைபாட்டுக்கு முன்அனுமதி தேவை என்பதை மறக்காமல் இருப்பதும் இதே கடமையில் சேர்ந்தவை.

எதை வாங்கலாம்

எடை குறைந்த, விலை குறைந்த டிரைபாட்டைத் தேடும் பழக்கம் நியாயமானது. அதன் பிசகு எதை விட்டுக்கொடுப்பது என்று தெரியாமல் இருப்பதில்தான் இருக்கிறது. உயரத்தை விட்டுக்கொடுக்கலாம், கார்பனை விட்டுக்கொடுக்கலாம், பெயர்பெற்ற முத்திரையையும் விட்டுக்கொடுக்கலாம். காலின் தடிமனையும் தலையின் பிடிப்பையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் ஆள் உயரம் தருவதாகச் சொல்லும் மலிவுச் சரக்கைத் தவிர்த்துவிடுங்கள். கல்வராயன் போன்ற மலைக்கு 1.3 முதல் 1.6 கிலோ வரை எடையுள்ள, நான்கு மடிப்பு அலுமினியக் கால்கள் தனித்தனியே அகலும், தண்டை உயர்த்தாமலே மார்பளவு வரும், ஆர்க்கா வகைப் பந்துத் தலை கொண்ட டிரைபாட் போதும்.

அதற்கும் பணம் போதவில்லை என்றால் நெட்டையான மெலிந்த டிரைபாட்டை வாங்காதீர்கள். குட்டையான, தடித்த மேசை டிரைபாட் ஒன்றை வாங்குங்கள். அல்லது காலித் துணிப்பை ஒன்றை எடுத்துச் சென்று, போன இடத்தில் மணல் நிரப்பிப் பாறைமேல் வைத்து அதன்மேல் கேமராவை அமர்த்துங்கள். கடையில் வாங்கும்போது உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டுங்கள். திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, காலை லேசாகத் தட்டி, அசைவு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று பாருங்கள். தலையை முடுக்கிய பிறகு லென்ஸ் மெல்லக் கீழே சாய்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டு சோதனையிலும் தேறாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.