முப்பது உயிர்

‘கான்ட்ரா’வைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், “அது எந்த மொழி நாவல்?” என்று கேட்டார். நாவல் அல்ல, டெலிவிஷனில் இணைத்து ஆடும் வீடியோ கேம். ஜப்பானின் கோனாமி கம்பெனி 1988இல் வீட்டுப் பெட்டிக்கென வெளியிட்டது. தொண்ணூறுகளில் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு நகல் பெட்டி. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சடித்திருக்கும். உள்ளே தேறுவது பத்தோ இருபதோ. அந்தப் பத்தில் இது ஒன்று.

ஆட்டக்காரனுக்கு மூன்றே உயிர். ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போயிற்று. தயவு தாட்சண்யம் கிடையாது. அதுதான் இதன் அழகு என்பேன். இருவர் சேர்ந்தும் ஆடலாம். நானும் மாமா மகனும் ஆடுவோம். மூன்றாவது கட்டத்தில் ஓர் அருவி வரும். அதில் முந்தி ஏறுகிறவனோடு திரையும் மேலே நகர்ந்துவிடும்; பின்தங்கியவன் செத்துப் போவான். எதிரியின் குண்டு வேண்டாம், கூட்டாளியின் அவசரமே போதும். ஆகவே ஒருவருக்கொருவர் காத்திருந்து ஏறினோம். இவ்வளவு நயமான இடம் நம் தொடர்கதைகளில்கூட அபூர்வம்.

பிறகு பள்ளிக்கூடத்தில் ஒருவன் அந்த ரகசியத்தைச் சொன்னான். ஆரம்பத் திரையில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. மூன்று உயிர் முப்பதாகிவிடும்! ‘சீட் கோடு’ என்பார்கள். இந்த வரிசையை முதலில் 1986இல் ‘கிராடியஸ்’ என்ற ஆட்டத்துக்காக அமைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. தாம் உருவாக்கிய ஆட்டம் தமக்கே கடினமாக இருந்ததால், சோதித்துப் பார்க்க வசதியாக வைத்துக்கொண்டாராம். எடுக்க மறந்துவிட்டார். 2020இல் அவர் காலமானபோது உலகமெங்கும் நினைவுகூர்ந்தது இந்த மறதியைத்தான்.

எங்கள் கடற்கரைக்கு இத்தகைய சங்கேதம் புதிதல்ல. முத்துக்குளிப்போர் சுறாவைக் கட்ட மந்திரவாதிகளை அழைத்துப் போனதையும், முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்பதையும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இரவில் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் குளிக்காதிருக்க! வெள்ளைக்காரர் ஆட்சியிலும் ‘கடல்கட்டி’ என்று அந்த உத்தியோகம் நீடித்தது. ஆனால் மந்திரம் கட்டியது சுறாவின் வாயை. குளிக்கிறவனுக்கு இரண்டாவது மூச்சை அது கொடுக்கவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் இறங்கியவர். மேலே கயிறு பிடித்தவர் அவருடைய மச்சான். தங்கையின் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. நாங்கள் ஆடுவதைத் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, எத்தனை உயிர் என்று விசாரித்தார். சொன்னோம்.

“முப்பது உசிரா? அப்புறம் எதுக்குலே மூச்சப் புடிக்கணும்?”

அன்று சிரித்தோம். ஆனால் அருவியில் யாரும் யாருக்கும் காத்திருப்பது அதற்குள் நின்று போயிருந்தது. மச்சான் செத்தால் என்ன, இன்னும் இருபத்தேழு இருக்கிறதே! சங்கேதம் இல்லாவிட்டால் எட்டாவது கட்டத்தை நான் பார்த்திருக்கவே மாட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. இருந்தும் அந்தக் கட்டத்தில் என்ன இருந்தது என்று இப்போது ஞாபகமில்லை. அருவி ஞாபகமிருக்கிறது.

சென்ற வருஷம் மாமா மகன் விடுமுறையில் வந்திருந்தான். சங்கேதம் போடாமல் ஆடினோம். அருவியில் பாதி ஏறும்போது, “நில்லு மச்சான், வந்துட்டேன்” என்றான். நின்றேன். இருவரும் குண்டடிபட்டோம்.