ஓர் எழுத்து, நான்கு இலக்கம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் அணிந்த எம்-1 தலைக்கவசம் ஊர்பேர் தெரியாத பொருள். 1941-ல் ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்த வடிவம், போர் முடிவதற்குள் 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. டெட்ராய்ட் நகரின் மெக்கார்டு ரேடியேட்டர் ஆலை அதில் சுமார் 2 கோடியைச் செய்தது. மிச்சம் செயின்ட் லூயிஸ் நகரின் ஷ்லூட்டர் ஆலையிலிருந்து வந்தது. எல்லாத் தலைக்கும் ஒரே அளவு. உள்ளே செருகும் லைனரின் நாடாக்களை இழுத்தும் தளர்த்தியும் அவரவர் மண்டைக்குப் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். லைனரோடு சேர்த்து ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று அதிகமான எடை.

சிப்பாய் அதில் முகம் கழுவினான், சவரம் செய்தான், கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான், அவசரத்துக்கு மண்ணும் தோண்டினான். அடுப்பில் ஏற்றினால் உருக்கின் பதம் கெட்டுவிடும் என்று மேலிடம் எச்சரித்தும் சமைத்தவர்கள் உண்டு.

இப்படி 2 கோடியில் ஒன்றாக வந்த இரும்பை எண்பது ஆண்டு கழித்துக் கையில் வைத்துக்கொண்டு, ‘இது இன்னார் தலையில் இருந்தது’ என்று சொல்ல முற்படும் ஒரு கூட்டம் இருக்கிறது. சேகரிப்பாளர்களில் அது சிறு பிரிவு. மற்றவர்கள் பளபளப்பையும் முழுமையையும் தேடுவார்கள். இவர்கள் கீறலையும் கறையையும் தேடுவார்கள். நல்ல கைகளில் இந்தத் துப்பறிதல் ஒரு தேர்ந்த கைவினை.

முதல் வாசிப்பு இரும்பில் தொடங்குகிறது. உள்பக்கம், முன்விளிம்பை ஒட்டி, ஒரு சிறு எண் குத்தப்பட்டிருக்கும். மெக்கார்டில் செய்ததானால் பெரும்பாலும் எண்ணை அடுத்து ஓர் எழுத்து வரும், ஷ்லூட்டரில் செய்ததானால் எண்ணோடு ‘எஸ்’ என்ற எழுத்து இருக்கும். அது சிப்பாயின் எண் அல்ல. எந்த உருக்குத் தொகுதியிலிருந்து அந்தத் தகடு வந்தது என்பதற்கான அடையாளம். புதிதாக வருகிறவர்கள் இதையே ஆளின் எண் என்று நினைத்துத் துள்ளுவதுண்டு. ஆனாலும் அது வீணில்லை: எண் ஏற ஏறக் காலமும் ஏறுவதால், கவசம் ஏறக்குறைய எப்போது செய்யப்பட்டது என்று கணிக்கலாம்.

அடுத்து விளிம்பு. கவசத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய உலோகப் பட்டையின் இரு முனையும் சேரும் இடம் முதலில் நெற்றிப்பக்கம் இருந்தது. 1944-ன் இறுதிவாக்கில் அது பின்னுக்குப் போனது. தாடைப் பட்டையைக் கோக்கும் வளையங்களும் அப்படித்தான். தொடக்கத்தில் அசையாமல் பற்றவைக்கப்பட்டிருந்தன. கீழே போட்டால் ஒடிந்தன. அதனால் 1943-ல் அசையும் வளையங்கள் வந்தன.

இந்த இரண்டு தகவலும் ஒரு விற்பனையாளரின் கதையை நொடியில் கவிழ்த்துவிடும். ‘1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கிய வீரருடையது’ என்று சொல்லிக் காட்டும் கவசத்தின் பட்டை பின்பக்கம் சேர்ந்திருந்தால், அந்தக் கவசம் அந்த நாளில் பிறக்கவே இல்லை. கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் பயன் இல்லை.

லைனரும் பேசும். அதன் உச்சியில் உள்பக்கம் ஆலையின் முத்திரை இருக்கும்: வெஸ்டிங்ஹவுஸ், ஃபயர்ஸ்டோன், இன்லாண்ட், கபாக் எனப் பல. இவற்றுக்கு முன் ஹாலி நிறுவனம் செய்த லைனர்கள் கெட்டி அட்டை போன்ற நாரால் ஆனவை. ஈரமும் வெக்கையும் அவற்றுக்கு ஒத்துவரவில்லை, சீக்கிரமே கைவிடப்பட்டன. ஹாலி லைனர் ஒன்று 1945-ல் செய்த உருக்குக் கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தால், யாரோ எப்போதோ இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். போர்க்காலத்திலேயே அப்படி நடந்திருக்கலாம், கடைக்காரரின் மேசையிலும் நடந்திருக்கலாம். லைனரின் தோல் வியர்வைப் பட்டையில் ஏறிய கறையும், கூட்டின் உள்சுவரில் லைனர் உரசிய தடமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது இந்த வேலையின் நுட்பமான இன்பங்களில் ஒன்று. பல ஆண்டு சேர்ந்தே கிடந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று தடம் பதித்திருக்கும்.

வெளிப்பக்க ஓவியம் கண்ணைக் கவரும், ஆனால் ஆளைக் காட்டாது. பின்புறம் நெட்டாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தால் அதிகாரி, கிடையாக இருந்தால் சார்ஜென்ட் போன்ற கீழ்நிலைத் தலைவர்; பின்னால் வருபவருக்குத் தெரிந்தால் போதும், எதிரில் இருப்பவன் பார்க்கக் கூடாது என்ற ஏற்பாடு. 101-ஆவது வான்வழிப் படைப் பிரிவினர் இன்னும் ஒருபடி மேலே போய்ச் சீட்டுக்கட்டின் குறிகளைப் பக்கவாட்டில் தீட்டிக்கொண்டார்கள். 506-ஆவது ரெஜிமென்ட்டுக்கு ஸ்பேட், 502-க்கு ஆர்ட்டின், 501-க்கு டைமண்ட், கிளைடரில் இறங்கும் 327-க்குக் கிளாவர். குறியைச் சுற்றி ஒரு சிறு கோடு: கடிகார முகத்தில் மூன்று மணி இருக்கும் இடத்தில் வந்தால் முதல் பட்டாலியன், ஆறில் வந்தால் இரண்டாவது, ஒன்பதில் மூன்றாவது. ரெஜிமென்ட் வரை, பட்டாலியன் வரை இதைக்கொண்டு போய்விடலாம். அதற்கு மேல் வழி இல்லை. தவிரவும் இந்தக் குறிகளுக்குச் சந்தையில் விலை அதிகம் என்பதால், பழைய கவசத்தில் புதிய ஸ்பேட் தீட்டுகிறவர்களும் அதிகம்.

ஆளிடம் கொண்டுபோய் விடுவது வேறொன்று. உள்ளே எங்காவது, லைனரின் தோலிலோ நாடாவிலோ, கூட்டின் பின்சுவரிலோ, தூரிகையாலோ மையாலோ எழுதிய ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும். ராணுவ விதி 850-5 சொன்னபடி, சிப்பாய் தன் உடைமைகளில் இடவேண்டிய அடையாளம் அது: குடும்பப் பெயரின் முதல் எழுத்து, தன் ராணுவ எண்ணின் கடைசி நான்கு இலக்கம். நம் ஊரில் சலவைக்குப் போகும் வேட்டியின் ஓரத்தில் அழியாத மையில் விழும் குறியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அமெரிக்க ராணுவத்திலும் இது முதன்மையாகத் துணி மாறிப்போகாமல் இருக்க வந்த ஏற்பாடே. எழுதியவன் வருங்காலத்தை நினைத்து எழுதவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரன் தன் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதே அவன் கவலை.

இனிக் கணக்கு. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில், போர்க்காலத்தில் ராணுவத்தில் சேர்ந்தவர்களின் பதிவுகள் சுமார் 90 லட்சம் தேடத்தக்க வடிவில் இருக்கின்றன. ஒரு காலத்தில் துளையிட்ட அட்டைகளாக இருந்தவை. நுண்படத்துக்குப் போய், பின்னால் இயந்திரத்தால் படிக்கப்பட்டுக் கணினிக்கு வந்தவை. நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள் சாத்தியம். எனவே ஏதேனும் ஒரு நான்கு இலக்க முடிவை எடுத்தால் சராசரி 900 பேர் அதைப் பகிர்ந்துகொள்வார்கள். அதில் குடும்பப் பெயரின் எழுத்தைச் சேர்த்தால் கூட்டம் சட்டென்று குறைகிறது. எவ்வளவு குறையும் என்பது எழுத்தைப் பொறுத்தது. ‘எஸ்’ என்றால் அமெரிக்கப் பெயர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று, ஆகவே 90 பேர் மிஞ்சுவார்கள். ‘இசட்’ என்றால் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்மித்துகளைவிடச் சிம்மர்மன்களைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பது இந்தத் துறையில் பிறப்பால் அமையும் அதிர்ஷ்டம்.

அந்தப் பட்டியலைக் குறைப்பதில்தான் தேர்ந்த கையும் அரைகுறைக் கையும் பிரிகின்றன. ஒவ்வொரு பதிவிலும் பிறந்த ஆண்டு, ஊர் மாவட்டம், சேர்ந்த நாள், படித்த படிப்பு, முன்பு செய்த தொழில், மணமானவரா என்பதெல்லாம் இருக்கும். ராணுவ எண்ணின் முதல் இலக்கம் ஒன்று என்றால் தானாகச் சேர்ந்தவர், இரண்டு என்றால் தேசியக் காவல்படையிலிருந்து வந்தவர், மூன்று என்றால் கட்டாயமாக அழைக்கப்பட்டவர். இரண்டாம் இலக்கம் பெரும்பாலும் வட்டாரத்தைச் சொல்லும். 32 என்று தொடங்கினால் நியூயார்க், நியூஜெர்சி, டெலவேர் பக்கத்தில் அழைக்கப்பட்டவர். கவசத்தின் காலத்தையும் வெளியே தெரியும் படைக்குறியையும் இவற்றோடு உரசிப் பார்த்து, பொருந்தாதவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்ப வேண்டும். ஒருவர் பதிவு இயந்திர வாசிப்பில் பிழைபட்டிருக்கலாம், ஒருவருடைய பதிவே இல்லாமல் போயிருக்கலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்க வேண்டும். அதிகாரிகளின் எண்கள் வேறு வரிசை. அவர்களை இந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை.

இதற்கு அடுத்த கதவைத் திறக்கப் போகிறவர்களை ஒரு பெருந்தீ எதிர்கொள்ளும். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே இருந்த ராணுவப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாம் தளம் எரிந்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே பணிமுடித்து வெளியேறிய தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டன. நகல் கிடையாது, எது எரிந்தது என்று சொல்ல அட்டவணையும் கிடையாது. தண்ணீரில் நனைந்து பூஞ்சை பிடிக்கத் தொடங்கிய தாள்களை, விண்வெளிச் சூழலைச் சோதிக்க மெக்டானல் டக்ளஸ் நிறுவனம் வைத்திருந்த வெற்றிட அறையில் உலர்த்தினார்கள். கருகிய ஓரங்களோடு மீண்ட கோப்புகள் சுமார் 65 லட்சம்.

ஆகவே, பெயர் கிடைத்தும் வாழ்க்கை கிடைக்காமல் போவது இந்தத் தேடலில் வழக்கம். அப்போது கைகொடுப்பவை படையின் கம்பெனிகள் நாள்தோறும் எழுதி அனுப்பிய காலை அறிக்கைகள். எழுத்தர் ஒருவர் தட்டச்சில் அடித்த வறண்ட சுருக்கக் குறிப்புகள்: யார் புதிதாக வந்தார், யார் மருத்துவமனைக்குப் போனார், யார் காணவில்லை. சும்மா இருந்தவர் அதில் வர மாட்டார். மாற்றம் நேர்ந்தவர் மட்டுமே வருவார். காயம்பட்டவனின் தடம் தெளிவாக இருக்கும். கீறல்கூடப் படாமல் வீடு திரும்பியவனைக் கண்டுபிடிக்கத் தலையால் தண்ணீர் குடிக்க வேண்டும். போரில் நல்லதிர்ஷ்டம் ஆவணத்தில் வெற்றிடமாக நிற்பது வேடிக்கைதான்.

கவசத்தின் உள்ளே முழுப் பெயரும் எழுதப்பட்டிருந்தால் இன்னொரு நயமான சோதனை உண்டு. போர்க்காலத்தில் கட்டாய ராணுவச் சேவைக்குப் பதிவு செய்துகொண்டவரின் அட்டையில் அவர் கையொப்பம் இருக்கும். அட்டையில் ‘ஆர்’ எழுத்தை வளைத்த விதமும் லைனரின் தோலில் வளைத்த விதமும் ஒன்றாக இருப்பதைப் பார்க்கிறவர் அடையும் மகிழ்ச்சியை வேறு எந்தப் பழம்பொருளும் எளிதில் தராது. குடும்பத்தைத் தேட 1940, 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இருக்கின்றன; அமெரிக்கச் சட்டப்படி 72 ஆண்டு கழிந்ததும் அவை எல்லோருக்கும் திறந்துவிட்டன.

போலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தும் நான்கு எண்ணும் எழுத ஐந்து நிமிடம் போதும். மை துருவின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, துரு மையின் மேல் ஏறியிருக்கிறதா என்பது முதல் கேள்வி. தாடைப் பட்டையின் நூல் புறஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் அது பிற்கால நூல். அசல் வண்ணத்தில் பொடித்த தக்கை கலந்திருக்கும், அதன் சொரசொரப்பு தனி. இந்த ஏமாற்றைவிட நுட்பமானது நேர்மையான மனிதர்கள் செய்வது: 90 பேரில் எவன் பாராசூட்டில் குதித்தானோ, எவன் பதக்கம் வாங்கினானோ அவனையே பிடித்துக்கொண்டு, கிடங்கில் சமையல் எண்ணெய் டின் எண்ணிக்கொண்டிருந்த மற்ற 89 பேரையும் மறந்துவிடுவது. சமையல்காரரும் கணக்கரும் இதே கவசத்தைத்தான் அணிந்தார்கள். எண்ணிக்கையில் அவர்கள் பக்கமே வாய்ப்பு கனம்.

சில கவசங்களில் லைனரில் ஒருவர் குறியும் கூட்டில் வேறொருவர் குறியும் இருக்கும். சிலவற்றில் ஒரு குறி அடிக்கப்பட்டு அதன்கீழ் இன்னொன்று எழுதப்பட்டிருக்கும். அனுபவமில்லாதவர் இதைப் பழுது என்பார், விலையும் குறையும். ஆனால் காயம்பட்டவரின் கவசம் மருத்துவ நிலையத்து வாசலில் கழற்றிப் போடப்பட்டு, பொறுக்கிச் சீர்செய்யப்பட்டு, அடுத்து வந்தவருக்குக் கொடுக்கப்பட்டது போரின் அன்றாட நடைமுறை. அப்படிப்பட்ட கவசத்தில் இரண்டு தேடல்கள் இருக்கின்றன. முதல் குறிக்கு உரியவர் எந்தக் காலை அறிக்கையில் மருத்துவமனைக்குப் போகிறாரோ, அதே கம்பெனியின் அடுத்த வாரத்து அறிக்கையில் மாற்று ஆட்களாக வந்தவர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால், இரண்டாம் குறியின் எழுத்து அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.