'கட்' ஆயிடுச்சு: செய்தவன் எங்கே?

ஆங்கிலச் சிறுசொற்கள் தமிழில் பெருகிவிட்டதாகக் கவலைப்படும் தூய்மைவாதிகள் தலையை மட்டும் எண்ணுகிறார்கள். அவை இங்கே என்ன வேலை செய்கின்றன என்று கேட்பதில்லை.

1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலிலும் கரண்ட் கட், கிளாஸ் கட், போன் கட், கூலியில் கட் எல்லாம் உண்டு. காண்ட்ராக்டில் 'கட்' என்றால் பங்கு. ஒரு குறிப்பானுக்கு இத்தனை பொருள். இதில் அந்நியம் எதுவுமில்லை. ஒருசொல் பலபொருளுக்குத் திவாகர நிகண்டு தனித் தொகுதியே வைத்திருக்கிறது. ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்கிறது நன்னூல்.

பொருள் சொல்லுக்குள் இல்லை, உறவில் இருக்கிறது என்றார் சசூர். 'கட்'டின் உறவு பின்னால் வரும் தமிழ் வினையோடு. 'கட் அடிச்சான்' என்றால் மாணவன். 'கட் பண்ணிட்டான்' என்றால் முதலாளி. 'கட் ஆயிடுச்சு' என்றால்? ஆளே இல்லை.

காவிரியின் கடைமடை காரைக்கால். புதுச்சேரிக்கு, அதாவது இந்தக் காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. என்று நடுவர் மன்றம் 2007இல் சொன்னது. உச்ச நீதிமன்றமும் 2018இல் அதை மாற்றவில்லை. ஆனால் 'தண்ணி கட் ஆயிடுச்சு' என்று சொல்லும்போது, மழை நின்ற மாதிரி தண்ணீரும் தானாக நின்றுவிடுகிறது. யாரைச் சொல்வது, கர்நாடகத்தையா, தமிழ்நாட்டையா, மதகில் நிற்பவரையா என்ற திகைப்பும் அதில் இருக்கலாம். லாபம் என்னவோ நிறுத்தியவருக்குத்தான்.

'மின்வெட்டு' என்று சொல்லுங்கள் என்பார்கள். சொல்லலாம். வெட்டு என்ற வினை 'யார்?' என்ற கேள்வியோடு வருவது. 'மின்வெட்டு ஏற்பட்டது' என்று எழுதியதும் வெட்டியவன் தப்பிவிடுகிறான். சொல் தமிழாச்சு, மறைப்பு அப்படியே இருக்கு. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வடமொழியின் மேலாண்மையைக் கேள்விக்குள்ளாக்கியது. அதன் இன்றைய வாரிசுகள் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

நடவுக்குப் போகும் பெண் 'கூலியில அம்பது ரூவா கட் பண்ணிட்டான்' என்கிறபோது வாக்கியத்துக்குள் ஒருவன் பிடிபடுகிறான். அதையே அலுவலகம் 'பிடித்தம் செய்யப்பட்டது' என்று எழுதும். எனக்கு அந்தப் பெண் பேசுவதுதான் தமிழாகப் படுகிறது.