முதலாளியின் புத்தக அலமாரி

அமெரிக்காவில் டிவி, கம்ப்யூட்டர் போன்ற மின்னணுப் பொருட்கள் விற்ற பெரிய கடைத்தொடர்களில் ஒன்று சர்க்யூட் சிட்டி. 2007 மார்ச் மாதம் அந்த நிறுவனம் ஏறத்தாழ 3,400 விற்பனையாளர்களை ஒரே அறிவிப்பில் வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் வேலையில் குறை சொல்லவில்லை. மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சம்பளம் வாங்கினார்கள், அதுதான் காரணம். அந்த இடங்களுக்குக் குறைந்த கூலிக்கு ஆள் எடுக்கப்போவதாக நிறுவனமே சொன்னது. டிவி வாங்க வருகிறவரிடம் எது நல்லது, எது வேண்டாம் என்று எடுத்துச் சொல்லத் தெரிந்த அனுபவசாலிகள் பலர் அதோடு போனார்கள். 2008 நவம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 2009 மார்ச்சில் கடைசிக் கடைகளும் மூடப்பட்டன.

நிறுவனங்கள் எழுவதும் விழுவதும் புதிதில்லை. ஆனால் இதே சர்க்யூட் சிட்டி, 2001-ல் ஜிம் காலின்ஸ் எழுதிய ‘குட் டு கிரேட்’ நூலில் உன்னத நிறுவனங்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று. சரியான ஆட்களை முதலில் பஸ்ஸில் ஏற்றுங்கள், எங்கே போவது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம் என்பது அந்த நூலின் புகழ்பெற்ற அறிவுரை. அதற்கு முன்னுதாரணமாக நின்ற கம்பெனிகளில் ஒன்றுதான் ஆறு ஆண்டுகளில் தன் சரியான ஆட்களை இறக்கிவிட்டது.

‘தொழில் தலைவர்கள் படிக்க வேண்டிய பத்து நூல்கள்’ என்ற பட்டியல் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது. தொழிற்கூட்டமைப்புக் கூட்டத்தில் விநியோகிக்கிறார்கள், எம்.பி.ஏ. வகுப்பில் கொடுக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இந்த வாசிப்பால் தொழில் வளர்கிறதா? வேலையிடம் நல்ல இடமாகிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று சொல்ல இடமிருக்கிறது, ஒரு நிபந்தனையோடு.

வாசிப்பு தரும் நன்மை

கம்பெனி நடத்துகிறவருக்குச் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. மேனேஜரிடம் கேட்டால் ‘முதலாளிக்கே தெரியவில்லை’ என்று பேச்சு கிளம்பும். ஆடிட்டர் வரிக்கணக்கோடு நிறுத்திக்கொள்வார். அதே தொழிலில் இருக்கும் நண்பர் போட்டியாளரும்கூட. இப்படித் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு, முன்பே இந்த வழியில் போய்வந்த ஒருவரின் பேச்சு புத்தகமாகக் கிடைப்பது பெரிய துணை.

நல்ல நூல் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டவும் செய்யும். எலியாஹு கோல்ட்ராட் இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர். 1984-ல் வந்த அவருடைய ‘தி கோல்’ ஒரு நாவல். மூடப்படும் நிலையில் இருக்கும் ஆலையின் மேலாளர், மகனோடும் மற்றச் சிறுவர்களோடும் மலைநடை போகிறார். வரிசை நீண்டுகொண்டே போகிறது. வேகமாக நடப்பவர்கள் முன்னே ஓடுகிறார்கள், ஹெர்பி என்ற பையனால் முடியவில்லை. அவனை முன்னால் நிறுத்தி, அவன் முதுகுப்பையின் சுமையைப் பிரித்து மற்றவர்களிடம் கொடுத்ததும் மொத்த வரிசையும் வேகம் பிடிக்கிறது.

இதை ஒரு திருப்பூர் பனியன் கம்பெனியில் வைத்துப் பாருங்கள். ஓவர்லாக் மிஷின் பத்து ஓடுகிறது, பேட்லாக் இரண்டுதான். பேட்லாக்குக்கு முன்னால் கட்டுக்கட்டாகப் பீஸ் குவிகிறது. ஷிப்மென்ட் தேதி நெருங்க நெருங்க, முதலாளி ஓவர்லாக் டெய்லர்களைத்தான் விரட்டுகிறார். அவர்கள் வேகமாகத் தைக்கத் தைக்க குவியல் உயர்கிறதே தவிர, பெட்டி ஒன்றுகூடக் கூடுதலாகப் போவதில்லை. ஹெர்பியைத் தெரிந்துகொண்ட முதலாளி, சத்தம் போடுவதை நிறுத்திவிட்டு பேட்லாக் பக்கம் போய் நிற்பார்.

இன்டெல் நிறுவனத்தின் ஆண்டி குரோவ் எழுதிய ‘ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்’ (1983) காலைச் சிற்றுண்டியிலிருந்து தொடங்குகிறது. மூன்று நிமிடம் வேக வேண்டிய முட்டை, டோஸ்ட், காபி. மூன்றும் சூடாக ஒரே நேரத்தில் மேசைக்கு வர வேண்டுமானால் எதை முதலில் தொடங்குவது? உற்பத்தித் திட்டமிடல் முழுவதையும் இந்தத் தட்டிலேயே வைத்து அவர் விளக்குகிறார்.

ஏட்டுப் படிப்பு தொழிற்கூடத்துக்கு உதவாது என்பவர்களுக்குப் பதில் சென்னை பாடியிலேயே இருக்கிறது. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950-ல் ஜப்பானில் தரக் கட்டுப்பாடு பற்றி உரைகள் நிகழ்த்தினார். அந்த உரைத் தொகுப்பின் ராயல்டியை அவர் ஜப்பானியர்களுக்கே கொடுத்துவிட, அதைக்கொண்டு 1951-ல் டெமிங் பரிசு உருவானது. 1998-ல் இந்தியாவில் முதன்முதலாக அந்தப் பரிசைப் பெற்றது பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு. 2002-ல் டிவிஎஸ் மோட்டாரும் பெற்றது. புத்தகத்தைப் படித்து மூடி வைத்தவர்களுக்குக் கிடைக்கிற பரிசு இல்லை இது. தரைத்தளம்வரை வேலை செய்யும் முறையையே ஆண்டுக்கணக்கில் மாற்றிக் காட்ட வேண்டும்.

ஜெயித்தவர் சொன்னதெல்லாம் வேதமா?

பட்டியல் நூல்களில் பெரும்பகுதி ஒரே வழியில் எழுதப்பட்டவை. ஜெயித்த கம்பெனிகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்து, அதுவே வெற்றிக்குக் காரணம் என்று சொல்வது. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பதுபோல, லாபம் பார்த்தவன் செய்ததெல்லாம் சூத்திரமாகிவிடுகிறது.

டாம் பீட்டர்ஸும் ராபர்ட் வாட்டர்மனும் எழுதிய ‘இன் சர்ச் ஆஃப் எக்ஸலன்ஸ்’ 1982-ல் வெளிவந்து விற்பனையில் சாதனை படைத்தது. 43 நிறுவனங்களை அது சிறந்தவை என்று காட்டியது. இரண்டே ஆண்டில், அவற்றில் பல தடுமாறுவதை பிசினஸ் வீக் இதழ் ‘ஊப்ஸ்’ என்று அட்டையிலேயே போட்டுச் சொல்லிக்காட்டியது. காலின்ஸின் பதினொன்றில் ஒன்றான ஃபேன்னி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை 2008 செப்டம்பரில் அமெரிக்க அரசு தன் பிடிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

காலின்ஸுக்கும் நியாயம் செய்ய வேண்டும். குறிப்பிட்ட ஒரு காலகட்டத்தில் அந்தக் கம்பெனிகள் எப்படி உயர்ந்தன என்பதைத்தான் அவர் ஆராய்ந்தார், என்றென்றைக்கும் உத்தரவாதம் தரவில்லை. பெரிய நிறுவனங்கள் எப்படி வீழ்கின்றன என்று 2009-ல் தனி நூலே எழுதினார். ஆனால் பட்டியல் போடுகிறவர்கள் உயரும் நூலைத்தான் விரும்பிச் சேர்க்கிறார்கள். வீழும் நூலைப் பரிசாகக் கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இந்த வகை ஆய்வின் அடிப்படைக் கோளாறை ஃபில் ரோசன்ஸ்வைக் ‘தி ஹேலோ எஃபெக்ட்’ (2007) நூலில் பிரித்துக் காட்டினார். லாபம் ஏறும்போது தலைவர் ‘உறுதியானவர்’, இறங்கும்போது அவரே ‘பிடிவாதக்காரர்’. ஆள் மாறவில்லை, கணக்குதான் மாறியது. பிறகு அதே பத்திரிகைச் செய்திகளையும் பேட்டிகளையும் தரவாக எடுத்துக்கொண்டு, உறுதியே வெற்றிக்குக் காரணம் என்று நூல் எழுதினால் அது வட்டத்துக்குள் சுற்றுவதுதான்.

வெல்ஸ் ஃபார்கோ வங்கியும் அந்தப் பதினொன்றில் ஒன்று. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுச் சேவைகளையாவது விற்க வேண்டும் என்று பின்னாளில் அது ஊழியர்களுக்கு நெருக்கடி கொடுத்தது. இலக்கை எட்ட முடியாதவர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்கு திறந்தார்கள். 2016-ல் விஷயம் பெரிதாக வெடித்தபோது 18.5 கோடி டாலர் அபராதம். 5,300 பேர் வேலை இழந்திருந்தார்கள். எண் இலக்கை மட்டும் நிர்ணயித்து ஆட்களை விரட்டாதீர்கள், பயத்தை விரட்டுங்கள் என்று டெமிங் 1980-களிலேயே தன் 14 அம்சங்களில் எழுதிவைத்திருந்தார். வங்கித் தலைமைக்கு இது புத்தகப் பஞ்சத்தால் வந்த கேடு இல்லை. கசப்பான புத்தகத்தின்படி நடக்க விருப்பம் இல்லாததால் வந்தது.

யார் மாற வேண்டும்?

என் பார்வையில் பட்டியல்களின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. வாங்குவது முதலாளி, மாற வேண்டியது தொழிலாளி. 1998-ல் வந்த ‘ஹூ மூவ்டு மை சீஸ்’ என்ற சின்னக் கதைநூலை அமெரிக்க நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி ஊழியர்களுக்குக் கொடுத்தன, ஆட்குறைப்பு நேரத்திலும்கூட. பாலாடைக்கட்டி இடம் மாறிவிட்டது, புலம்பாமல் புதிதாகத் தேடிப் போ என்பது கதையின் சாரம். மாற்றத்துக்குப் பயப்படுகிறவருக்கு அது தெம்பு தரலாம். ஆனால் தலைப்பிலேயே ஒரு கேள்வி இருக்கிறது: யார் நகர்த்தியது? அந்தக் கேள்விக்குப் புத்தகம் பதில் தேடுவதில்லை. நகர்த்தியவர்தான் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தவர்.

கோவைப் பக்கம் ஒரு பம்ப் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். முதலாளியின் அறையில் கண்ணாடி அலமாரி நிறைய நிர்வாக நூல்கள். கீழே ஷெட்டில், லேத்துக்கு மேல் ‘ஜீரோ டிஃபெக்ட்’ என்று பெரிய போஸ்டர். அதன் அடியில் நின்ற டர்னர் கையில் இருந்த வெர்னியரின் வாய் தேய்ந்திருந்தது. “இதை வெச்சுத்தான் அளக்கறேங்க. புதுசுக்கு இன்டென்ட் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு” என்றார். போஸ்டர்களையும் கோஷங்களையும் கழற்றி எறியுங்கள், பெரும்பாலான குறை வேலைமுறையில் இருக்கிறது, அதை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம்தான் இருக்கிறது என்று வாதாடியவர் டெமிங். மேலே அலமாரியில் அவரும் இருந்தாரா என்று நான் கவனிக்கவில்லை.

குறை சொல்கிறவரை வேண்டாதவராகப் பார்ப்பது நம் தொழிற்கூடங்களில் ஊறிய பழக்கம். ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் கூடுதலாகத் தவறு செய்தார்கள் என்பதைவிட, செய்த தவறைப் பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்டுகொண்ட விளக்கம். ‘தி ஃபியர்லெஸ் ஆர்கனைசேஷன்’ (2018) அங்கிருந்து வளர்ந்த நூல். ‘எங்கள் கம்பெனியில் புகாரே கிடையாது’ என்று பெருமைப்படும் முதலாளி இதை இரண்டு முறை படிக்கலாம்.

இன்னொரு வெற்றிடமும் உண்டு. நல்ல வேலையிடம் பற்றிய பட்டியலில், வேலை செய்கிறவரின் கண்ணால் எழுதிய நூல் ஒன்றுகூட இருப்பதில்லை. தமிழில் அதற்குப் பஞ்சமில்லை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடையே சென்று பார்த்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ இருக்கிறது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா.முருகவேள் மொழிபெயர்த்த ‘எரியும் பனிக்காடு’ இருக்கிறது. அலவன்ஸ், முன்பணம், தண்ணீர், கழிப்பறை என்று மனிதவளத்துறை அறிக்கையில் ஒரு வரியாக முடிவது, இந்த நாவல்களில் ஒரு குடும்பத்தின் ஆயுளாக விரியும்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். பட்டியல் வாசிப்பு பயனுள்ளது. ஆனால் ஒரு நூலை வாங்குமுன், இதைப் படித்தால் திங்கட்கிழமை காலை யார் நடத்தை மாற வேண்டியிருக்கும் என்று பாருங்கள். விடை ‘நான்’ என்றால் வாங்குங்கள், ‘அவர்கள்’ என்றால் திருப்பி வைத்துவிடுங்கள். குரோவ் இந்தத் தேர்வில் ஜெயிக்கிறார். மேலாளரும் கீழே இருப்பவரும் தனியாகச் சந்திக்கும் கூட்டத்தில் என்ன பேசுவது என்பதைக் கீழே இருப்பவரே முடிவு செய்ய வேண்டும் என்று எழுதியவர் அவர். கோல்ட்ராட், டெமிங், எட்மண்ட்சன், ரோசன்ஸ்வைக் ஆகியோரும் தேறுகிறார்கள். ஆண்டுக்குப் பத்து நூல் தேவையில்லை. ஒன்றைப் படித்து, அதில் ஒரு பழக்கத்தை ஆண்டு முழுவதும் கடைப்பிடித்தால் போதும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், பீட்டர் டிரக்கர் 1960-களில் எழுதிய ‘தி எஃபெக்டிவ் எக்ஸிக்யூட்டிவ்’ நூலைச் சொல்வேன். தன்னிடம் வேலை செய்கிறவர்களிடம் தலைவர் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அவர் அதில் வைக்கிறார்: உங்கள் நேரத்தை வீணடிக்கும்படி நான் என்ன செய்கிறேன்? புத்தகம் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே சூப்பர்வைசரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, இதைக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். புது வெர்னியருக்குப் போட்ட இன்டென்ட் அந்தப் பேச்சில் வெளியே வரக்கூடும். வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.